மேல்வீட்டுத் தீர்த்தம்

ஃப்ளாட்டில் மேல்வீட்டுக்காரர் குளித்தால் கீழ்வீட்டுக்காரருக்கும் தீர்த்தம் கிடைக்கிறது. சீலிங்கில் முதலில் எட்டணா சைஸுக்கு ஈரம். கொஞ்ச நாளில் இந்தியா மேப். அப்புறம் சண்டை. "எங்க பாத்ரூமா? போன வருஷம்தானே சார் புது டைல்ஸ் போட்டோம்!"

டைல்ஸ் போட்டால் தண்ணீர் இறங்காது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். டைல்ஸுக்கு நடுவே இருக்கிற சிமென்ட் கோடு தண்ணீரைக் குடித்து அடியிலுள்ள கலவைக்கு அனுப்பிவிடும். அங்கே தடுத்து நிறுத்த வேண்டியது, டைல்ஸுக்குக் கீழே பூசும் வாட்டர் ப்ரூஃப் பூச்சு. வெளியே தெரியாத சமாசாரம் என்பதால் முதலில் மிச்சம் பிடிப்பதும் அதில்தான்! பூச்சு தரையோடு நிற்காமல் சுவரிலும் ஏற வேண்டும். ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு. தரையும் சுவரும் சேரும் மூலையும், தண்ணீர் போகும் குழாயைச் சுற்றியுள்ள இடமும் ரொம்ப முக்கியம்.

யாரும் குளிக்காதபோதும் விடாமல் சொட்டினால் தண்ணீர் வரும் குழாயைச் சந்தேகப்படலாம். குளித்த பிறகு மட்டும் என்றால் தரை, அல்லது கழிவுக் குழாய். பூச்சே போயிருந்தால், கொத்தனார் ஒயிட் சிமென்ட்டைத் தேய்த்து "முடிஞ்சுது சார்" என்பதை நம்பாதீர்கள். டைல்ஸை உடைத்துத்தான் ஆகணும்.

மறுபடி பூசியதும், நன்றாகக் காயவிட்டு, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் துளையை அடைத்து இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடச் சொல்லுங்கள். "ஒரு நாள் வேஸ்ட் சார்" என்று மேஸ்திரி முனகுவார். முனகட்டும். மறுநாள் கீழே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.