நகையே முதல்

நகைச்சுவை நடிகை யாராக இருந்தாலும் 'வீணடிக்கப்பட்டவர்' என்று எழுதிவிடுவது நம் விமர்சனத்தில் வழக்கமாகிவிட்டது. அண்மையில் ஓர் இதழ் ஆச்சி மனோரமாவைப் பற்றி அப்படித்தான் எழுதியிருக்கிறது. 'மாலையிட்ட மங்கை' (1958) தொடங்கி முப்பது ஆண்டுகளைச் சிரிப்பு வேடங்கள் தின்றுவிட்டனவாம். 'புதிய பாதை' (1989) பெற்றுத்தந்த தேசிய விருதுதான் அவரை நடிகையாக்கியதாம். இதை முழுமையாக மறுக்கிறோம்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் ஜில் ஜில் ரமாமணியைப் பாருங்கள். இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று சிக்கல் சண்முகசுந்தரத்திடம் கேட்கிறாள். கேள்வி அசட்டுக் கேள்விதான். கேட்கிற முகத்திலோ கலப்படமில்லாத வியப்பு. நகை பிறக்கும் களன்களாகத் தொல்காப்பியர் சொன்ன நான்கில் பேதைமையும் மடனும் உண்டு. இரண்டையும் ஒரே கேள்வியில் இறக்கிவைத்து, அந்த நாடகக்காரி மீது நமக்குள்ள மதிப்பு ஒரு குன்றிமணியும் குறையாமல் காப்பாற்றுகிறார் மனோரமா. அதே ஆண்டு 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தமிழில் சொந்தக் குரலில் பாடுகிறார். மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்தவர் அவர். இதற்கெல்லாம் நடிப்பு என்று பெயரில்லை என்றால் வேறு எதற்கு உண்டு?

மைசூரில் இருக்கும் எங்களுக்கு இதே கதை கன்னடத்திலும் காதில் விழுகிறது. கிரீஷ் காசரவள்ளியின் 'குலாபி டாக்கீஸ்' (2008) படத்துக்காகத் தேசிய விருது பெற்ற உமாஸ்ரீயை, மலிவான சிரிப்புப் படங்களிலிருந்து கலைப்படம் மீட்டெடுத்தது என்கிறார்கள். 'ஒடலாள' நாடகத்தில் காணாமல்போன சேவலைத் தேடித் திரிந்த சாக்கவ்வாவாக அவரைப் பார்த்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். அந்தக் கிழவி சேவலுக்காகப் போடும் கூச்சலில் சிரிப்பையும் பசியையும் யாரால் பிரித்தெடுக்க முடியும்?

இந்த இடத்தில் டி. ஏ. மதுரத்தைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. கலைவாணரோடு சரிக்குச் சரி நின்று வாதாடிய பெண் அவர். கலைவாணரின் சீர்திருத்தம் பிரசங்கமாகிவிடாமல் காத்ததில் அவருடைய குறுக்குக் கேள்விகளுக்குப் பெரும் பங்குண்டு. கலைவாணரைப் பற்றி எழுதுகிறவர்கள் மதுரத்தைத் துணைவியார் என்று ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். இங்கிலாந்தின் மார்கரெட் ரூதர்ஃபோர்டு 'தி வி.ஐ.பி.ஸ்' (1963) படத்தில் ஏற்ற சிரிப்பு வேடத்துக்கே ஆஸ்கர் கிடைத்தது. நம் தேசிய விருதுகளில் நகைச்சுவைக்கென்று ஒரு பிரிவுகூடக் கிடையாது.

விருதுக் குழுக்களைவிட எங்களுக்குக் கோபம் சிற்றிதழ்களின் மீதுதான். யதார்த்தவாதம், இருத்தலியம், அமைப்பியல், பின்நவீனத்துவம் என்று எத்தனை அலைகள் வந்துபோயின! எல்லாவற்றிலும் துயரமே ஆழத்தின் அளவுகோலாக நீடித்தது. அழவைத்தால் கலை, சிரிக்கவைத்தால் பொழுதுபோக்கு என்கிற இந்தப் பாகுபாடு நம் மரபில் இல்லாதது. மெய்ப்பாடுகள் எட்டில் தொல்காப்பியர் முதலில் வைத்தது நகையை. அழுகை அதற்கு அடுத்ததுதான். ஒரு நடிகை எந்தச் சொல்லில் நிறுத்துகிறாள், எந்தக் கணத்தில் கண்ணைத் திருப்புகிறாள் என்று பார்த்து எழுதும் விமர்சனம் நமக்கு வேண்டும். அது வரும்வரை 'வீணடிக்கப்பட்டார்' என்கிற சொல்லை நடிகைகள்மீது வீசாதிருப்போம். அவர்கள் எதையும் வீணாக்கவில்லை. பார்க்கத் தவறியது விமர்சனம்.