விண்வெளியில் காதலுக்கு என்ன வேலை?

1941ஆம் ஆண்டில் வில்சன் டக்கர் என்னும் அமெரிக்க எழுத்தாளர், அறிவியல் புனைகதை வாசகர்களுக்கான சிற்றிதழ் ஒன்றில் 'ஸ்பேஸ் ஓபரா' என்னும் சொல்லை வழங்கினார். பாராட்டுவது அவர் நோக்கமன்று, பழிப்பதே நோக்கம். அக்கால அமெரிக்க வானொலியில் பகல் வேளைகளில் இல்லத்தரசிகளுக்கான தொடர்நாடகங்கள் ஒலிபரப்பாயின. அவற்றுக்கு விளம்பரப் பணம் தந்தவை சோப்பு நிறுவனங்கள் ஆதலால் அவை 'சோப் ஓபரா' எனப்பட்டன. குதிரையும் துப்பாக்கியுமாக ஒரே அச்சில் வார்த்த படங்களுக்குக் 'குதிரை ஓபரா' என்பது பெயர். இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு, அரைத்த மாவையே அரைக்கும் விண்கலக் கதைகளுக்கு டக்கர் இப்பெயரைச் சூட்டினார்.

இப்பெயர்ச்சூட்டல் ஊன்றி நோக்கத்தக்கது. ஒரு கதைவகையை இழிவுபடுத்த எண்ணியவருக்கு, பெண்கள் வீட்டுவேலைக்கிடையே கேட்கும் காதல், குடும்பக் கதைகளோடு அதனை ஒப்பிடுவதே போதுமானதாக இருந்தது. காலப்போக்கில் அச்சொல் பழியிலிருந்து மீண்டுவிட்டது. டேவிட் ஹார்ட்வெல்லும் கேத்ரின் கிரேமரும் 2006இல் தொகுத்த 'ஸ்பேஸ் ஓபராவின் மறுமலர்ச்சி' என்னும் பெருந்தொகை அம்மாற்றத்தை விரிவாகவே பதிவுசெய்கிறது. இன்று நம் பல்கலைக்கழக ஆங்கிலத் துறைகளில் விண்வெளிப் பேரரசுகளைப் பின்காலனிய நோக்கில் ஆராயலாம். எந்திர அறிவைப் பற்றி ஆய்வேடு எழுதலாம். யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே நாவலின் நடுவிலுள்ள காதலைப் பற்றி எழுத முன்வரும் மாணவர்தான் தலைப்பை மாற்றிக்கொள்ளும்படி அறிவுறுத்தப்படுகிறார். அல்லது யாரும் சொல்வதற்கு முன்பே தாமே மாற்றிக்கொள்கிறார். 'உடலரசியல்' என்றோ 'உணர்வுக் கோட்பாடு' என்றோ பெயரிட்டால் வாயில் திறக்கிறது. 'காதல்' என்றால் திறப்பதில்லை. டக்கரின் ஏளனம் மறையவில்லை. கதைவகையின் மேலிருந்து இறங்கி, அதற்குள்ளிருக்கும் காதலின் மேல் போய் அமர்ந்துகொண்டது.

ஸ்பேஸ் ஓபராவில் காதல் என்பது பிற்காலத்தில் வாசகர்களைக் கவர்வதற்காக ஒட்டப்பட்ட வணிக அலங்காரம் என்பதே இவ்வேளனத்தின் அடிப்படை. வரலாறு இதற்கு இடங்கொடுக்கவில்லை. இவ்வகையின் தொடக்கநூல் எனப் பலரும் சுட்டுவது 1928இல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழில் தொடராக வந்த 'ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்'. அதனை எழுதிய ஈ. ஈ. ஸ்மித் ஓர் உணவு வேதியியலாளர். 1915இல் எழுதத் தொடங்கியபோது விண்கலத்தின் பொறியைப் பற்றி அவருக்குத் தயக்கம் ஏதுமில்லை. காதல் காட்சிகளை எழுதத்தான் கை வரவில்லை. ஆகவே நண்பர் ஒருவரின் மனைவியாகிய லீ ஹாக்கின்ஸ் கார்பி அப்பகுதிகளை எழுதித்தர முன்வந்தார். கதையின் போக்கைப் பார்த்தால் அப்பகுதிகள் ஓரத்து ஒப்பனை அல்ல என்பது விளங்கும். நாயகன் ரிச்சர்ட் சீட்டனுக்கு மணம்பேசிய டோரத்தியை வில்லன் டூகேன் விண்கலத்தில் கடத்திச் செல்கிறான். கலம் கட்டிழந்து ஞாயிற்றுக் குடும்பத்துக்கு அப்பால் விரைகிறது. அவளை மீட்கவே ஸ்கைலார்க் புறப்படுகிறது. கவர்ந்து செல்லப்பட்ட பெண்ணைத் தேடிக் கடல் கடக்கும் கதை நம் நாட்டு வாசகருக்குப் புதிதன்று. விண்மீன்களுக்கிடையிலான பயணத்தைச் சொன்ன முன்னோடி நாவல்களுள் ஒன்றில், அப்பயணத்தின் காரணமே ஒரு பெண்ணின் பிரிவாக இருந்தது. டோரத்தி அங்கே மீட்கப்பட வேண்டிய பொருளாகவே பெரிதும் நிற்கிறாள் என்னும் குறை உண்மையே. ஆயினும் காதலை அகற்றினால் கலம் தரையைவிட்டுக் கிளம்பாது.

1946இல் நூலாக வந்தபோது இருவர் பெயரும் அதில் இருந்தன. 1950களில் ஸ்மித் நாவலைத் திருத்தியமைத்த பின் கார்பியின் பெயர் நீங்கிவிட்டது. பெண்களின் எழுத்து எவ்வெவ்வழிகளில் இல்லாமலாக்கப்படுகிறது என்று 1983இல் தனிநூலே எழுதினார் ஜோயன்னா ரஸ். அவரும் அறிவியல் புனைகதை எழுத்தாளரே. அந்நூலை வகுப்பில் பாடமாக வைக்கும் பேராசிரியர்கள், சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

வரலாறு ஒருபுறம் இருக்கட்டும். விண்வெளிக்குக் காதல் ஏன் தேவைப்படுகிறது என்னும் கேள்விக்குக் கலையின் நோக்கிலும் விடை உண்டு. நான்கு ஒளியாண்டு, நாற்பது ஒளியாண்டு, நானூறு ஒளியாண்டு என்று ஒரு நாவல் அடுக்கிக்கொண்டே போகலாம்; வாசக மனத்துக்கு அவையெல்லாம் ஒன்றே. 'தொலைவு' என்பது யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடமிருந்து விலகியிருக்கும்போதுதான் உணரப்படுகிறது. இதற்கு ஜோ ஹால்டெமனின் 'ஃபாரெவர் வார்' (1974) போல் தெளிந்த சான்று வேறில்லை. வியட்நாம் போரில் பணியாற்றியவர் எழுதிய, போரின் பொருளின்மையைச் சொல்லும் நாவல் என்றே அது பாடத்திட்டங்களில் இடம்பெறுகிறது. அதிலும் தவறில்லை. ஆனால் மண்டெல்லா, மேரிகே என்னும் இரு படைவீரர்களை வெவ்வேறு படைப்பிரிவுகளுக்கு மாற்றும் ஆணை வரும் இடத்தில்தான் அப்போரின் கொடுமை முழுமையாக உறைக்கிறது. ஒளியின் வேகத்தை நெருங்கிச் செல்லும் கலங்களில் ஏறியோருக்குச் சில மாதங்கள் கழியும்போது வெளியே பல பத்தாண்டுகள் கழிந்துவிடுகின்றன. வெவ்வேறு திசைகளில் அனுப்பப்பட்டவர்கள் மீண்டாலும் வெவ்வேறு நூற்றாண்டுகளில்தான் வந்து இறங்குவர். ஒரு பணிமாற்ற ஆணை அங்கே மரண ஆணையாகிறது.

மேரிகே அதற்குக் கண்ட வழிதான் நாவலின் முடிவு. முதலில் பணியிலிருந்து விடுபட்ட அவள், தன்போல் காத்திருப்போர் சிலருடன் ஒரு பழைய கலத்தில் ஏறி, ஐந்து ஒளியாண்டுத் தொலைவுவரை சென்று திரும்புவதையே தொழிலாகக் கொள்கிறாள். போய் எங்கும் இறங்குவதில்லை. வெளியே பத்தாண்டு கழியும்போது அவளுக்கு ஏறத்தாழ ஒரு மாத வயதே கூடுகிறது. சார்பியல் கோட்பாட்டைக் காத்திருப்பதற்கான கருவியாக்கிக்கொண்ட பெண் அவள்.

தமிழிலக்கியம் கற்ற மாணவருக்கு இவ்விடத்தில் முல்லைத்திணை நினைவுக்கு வராமல் இராது. தலைவன் போர்ப் பாசறையில் இருக்கிறான். கார்காலத்தில் மீள்வதாகச் சொல்லிச் சென்றவன். தலைவி இல்லிருந்து காத்திருக்கிறாள். ஹால்டெமனுக்கும் சங்கப் பாடல்களுக்கும் தொடர்பு கற்பிப்பது வீண்வேலை. பயன்படுவது தொல்காப்பியத்தின் இலக்கணக் கண்ணோட்டம். நிலமும் பொழுதும் முதற்பொருள். இருத்தல், பிரிதல் போன்ற ஒழுக்கங்கள் உரிப்பொருள். காதலின் நிலையை இடமும் காலமும் வரையறுக்கின்றன என்று கொண்ட ஓர் இலக்கியக் கோட்பாட்டுக்கு, இடமும் காலமும் நிலைகுலைந்துபோன கதைகள் அரிய சோதனைக்களம் அல்லவா? முல்லைத் தலைவி பருவத்தின் வரவை எதிர்நோக்குகிறாள். மேரிகே பருவத்தையே தன் கலத்தைக்கொண்டு தாமதிக்கச் செய்கிறாள். முதற்பொருள் மாறியதும் உரிப்பொருளும் வேறொன்றாகிறது. மேலைக் கோட்பாட்டு நூல்களில் இதற்கு ஈடான கருவியைத் தேடி அலையும் ஆய்வாளர்கள், தம் கையிலிருப்பதை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

பிரிவு ஒருபுறமிருக்க, கூடிவாழ்தலைக் களமாகக் கொண்டவர் லோயிஸ் மக்மாஸ்டர் புஜோல்ட். 1986இல் வந்த அவருடைய 'ஷார்ட்ஸ் ஆஃப் ஆனர்' நாவலில் பகைநாடுகளைச் சேர்ந்த இரு படைத்தலைவர்கள் ஆளில்லாக் கோள் ஒன்றில் சந்திக்கின்றனர், காதல் கொள்கின்றனர், மணக்கின்றனர். பெரும்பாலான கதைகள் அங்கே நின்றுவிடும். புஜோல்ட் 'பராயர்' (1991) நாவலில் அத்திருமணத்துக்குள் நுழைகிறார். நச்சுப்புகைத் தாக்குதலுக்குப் பின் கார்டீலியாவின் கரு செயற்கைக் கருப்பைக்கு மாற்றப்படுகிறது. உள்நாட்டுப் போரில் அக்கருப்பை எதிரிகள் கையில் சிக்குகிறது. அதை மீட்கச் செல்லும் தாய், போரையும் முடித்துவைத்துத் திரும்புகிறாள். ஹியூகோ விருது பெற்ற இந்நாவலைப் படித்த பின்னும் 'காதல் வேறு, அரசியல் வேறு' என்பவரோடு வாதிடுவது கடினம். 2008இல் டென்வரில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் சிறப்பு விருந்தினர் உரையில் புஜோல்ட் இதைப் பற்றியே பேசினார். காதல் நாவல்கள் அன்பைப் பற்றிய கனவென்றால், துப்பறியும் நாவல்கள் நீதியைப் பற்றிய கனவென்றால், அறிவியல் புனைகதையிற் பெரும்பகுதி அரசியல் ஆற்றலைப் பற்றிய கனவு என்பது அவர் கருத்து. ஒரு கனவை விரும்பி வருபவர் மற்றொன்றைக் கண்டால் எரிச்சலடைவது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

அவரது 'எ சிவில் கேம்பெய்ன்' (1999) இவ்விரு கனவுகளையும் நேருக்கு நேர் மோதவிடுகிறது. கார்டீலியாவின் மகன் மைல்ஸ் சூழ்ச்சியில் வல்லவன். பல போர்க்களங்களைத் தந்திரத்தால் வென்றவன். கணவனை இழந்த எக்கட்டரினையும் அவ்வாறே ஒரு படையெடுப்பாகத் திட்டமிட்டு வெல்ல முனைகிறான். தோட்டம் அமைக்கும் பணி தருவதாகச் சொல்லி அவளை அருகில் வைத்துக்கொள்கிறான். தன் உள்ளக்கிடக்கையை அவளைத் தவிர ஊரார் அனைவரிடமும் சொல்கிறான். விருந்தொன்றில் எல்லாம் வெளிப்பட்டு அவள் எழுந்து போய்விடுகிறாள். ஸ்பேஸ் ஓபரா நாயகனின் முதன்மைத் திறமை எதுவோ, அதுவே இங்கே குற்றமாகிறது. அடக்கியாளப்பட்ட ஒரு மணவாழ்வைக் கடந்து வந்தவளுக்கு, நல்லெண்ணத்தோடு விரிக்கப்பட்டாலும் வலை வலைதான். இறுதியில் நாடாளும் அவையின் நடுவே திருமணக் கோரிக்கையை எழுப்புபவள் அவளே. ஜேன், சார்லட், ஜார்ஜெட், டோரத்தி என்னும் நான்கு பெண் எழுத்தாளர்களின் முதற்பெயர்களுக்கு இந்நாவல் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. எழுத்தாளர் தம் முன்னோரை எங்கே தேடுகிறார் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இதனை ஜேன் ஆஸ்டின் காலத்து இங்கிலாந்திலேயே எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். எழுதியிருக்க முடியாது. பராயர் கோளில் மணப்பெண்கள் குறைவு. எக்கட்டரினைச் சுற்றி வேறு ஆண்களும் வட்டமிடக் காரணம் அதுவே. குழந்தையின் பாலினத்தைத் தெரிவுசெய்யும் நுட்பம் அக்கோளுக்கு வந்தபோது, பெற்றோர் மகன்களையே தெரிவுசெய்தனர். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து அழிப்பதைத் தடுக்க 1994இல் சட்டமியற்ற வேண்டியிருந்த நாட்டில் வாழும் வாசகருக்கு இது தொலைதூரக் கற்பனையாகத் தோன்ற வாய்ப்பில்லை. நகைச்சுவை நிறைந்த காதற்கதை என்று ஒதுக்கப்படும் நாவலுக்குள் இது கிடக்கிறது.

எழுத முனைவோருக்கு இதிலிருந்து ஓர் இருபுறச் சோதனை கிடைக்கிறது. காதலை நீக்கினாலும் கதை அப்படியே ஓடுமானால் அது ஒட்டுப்போட்ட காதல். விண்வெளியை நீக்கினாலும் காதல் அப்படியே நிற்குமானால் அது வேடமிட்ட விண்வெளி. காதலர்களுக்கிடையிலான தடை ஒரு சொல்லில் தீரக்கூடிய ஐயப்பாடாக இல்லாமல், அவ்வுலகின் இயற்பியலிலிருந்தோ அரசியலிலிருந்தோ முளைக்க வேண்டும். எவரினா மேக்ஸ்வெல்லின் 'வின்டர்ஸ் ஆர்பிட்' (2021) இதைச் செய்கிறது: கோள்களுக்கிடையிலான உடன்படிக்கை நிலைக்க வேண்டுமென்பதற்காக, துணைவரை இழந்த ஒருவர் உடனே மற்றோர் இளவரசருக்கு மணமுடித்து வைக்கப்படுகிறார். மகட்கொடையின் வரலாறு அறிந்தோருக்கு இதன் கனம் எளிதில் புரியும். நேரம் என்பதும் ஒரு தேவை. 'எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' (1980) படத்தில் கலத்தின் அதிவேகப் பொறி பழுதாகிவிடுவதால்தான் ஹானும் லேயாவும் நெருக்கடியான அறைகளில் சண்டையிடவும் பழுதுபார்க்கவும் நேர்கிறது. அங்கேதான் காதல் வளர்கிறது. 'அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்' (2002) படத்திலோ ஒரு குடியரசின் வீழ்ச்சியே காதலைச் சார்ந்திருக்கிறது. எழுதியவர்களுக்கு மட்டும் அதில் பொறுமை இல்லை. புல்வெளியும் அருவியும் காட்டினால் போதுமென்று விட்டுவிட்டார்கள்.

கல்வியுலகின் தயக்கத்துக்கு ஒரு கோட்பாட்டுப் பின்னணியும் உண்டு. அறிவியல் புனைகதையை 'அறிவார்ந்த அந்நியமாக்கம்' என வரையறுத்த டார்கோ சுவினின் நூல் (1979) இத்துறைக்குப் பெருமதிப்பு ஈட்டித் தந்தது. அவ்வரையறையில் ஸ்பேஸ் ஓபராவுக்கு இடம் குறைவு, அதன் காதலுக்கு இன்னும் குறைவு. காதல் நாவல் வாசகிகளை நேரிற் கண்டு பேசி ஜானிஸ் ராட்வே எழுதிய ஆய்வு 1984இல் வந்தது. இவ்விரு நூல்களும் ஒரே நூலகத்தில் வெவ்வேறு தளங்களில் இருப்பதே வழக்கமாகிவிட்டது. காதலை அறிவுக்கு எதிரானதாகக் கொண்டால்தான் இப்பிரிவினைக்குப் பொருள் உண்டு. ஹார்வர்டில் வேதி இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற கேத்தரின் அசாரோ, துகள்கள் மோதிச் சிதறுவதைப் பற்றிய குவாண்டம் கோட்பாட்டை ஒரு காதற்கதையின் கட்டமைப்பாக்கி 'குவாண்டம் ரோஸ்' எழுதினார். அந்நாவல் நெபுலா விருதும் பெற்றது. இதில் அறிவு எங்கே முடிகிறது, காதல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பவர்கள் கிழித்துக் காட்டட்டும்.

இந்திய மாணவர்களுக்கு இன்னும் அண்மையிலுள்ள நூல் ஒன்று உண்டு. எஸ். பி. திவ்யாவின் 'மேரு' (2023). மனிதர்கள் புவிக்குள் ஒடுக்கப்பட்டுவிட்ட எதிர்காலம். விண்ணில் வாழ்பவை மனிதரிலிருந்து கிளைத்த வேறோர் இனம். கதிரரிவாள் சோகைக்கான மரபணுவோடு பிறந்த ஜெயந்தி, உயிர்வளி மிகுந்த மேரு என்னும் கோளில் மனிதர் வாழ முடியுமா என்று காட்டப் புறப்படுகிறாள். பிறரிடம் நோயெனப்படுவது அங்கே தகுதியாகிறது. அவளைச் சுமந்து செல்லும் வாகா அந்த வேற்றினத்தைச் சேர்ந்த உயிர். இருவருக்குமிடையே காதல் அரும்புகிறது. மகாபாரதத்து நளன், தமயந்தி கதையின் சாயலில் அமைந்த நாவல் இது. புகழேந்தியின் நளவெண்பாவைக் கற்ற ஒருவர் இதைக் கையிலெடுத்தால், காட்டில் நேர்ந்த பிரிவு இங்கே எவ்வுருக் கொள்கிறது, தூதுபோன அன்னத்தின் வேலையை யார் செய்கிறார் என்று தேடத் தொடங்கிவிடுவார். ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள் அதில் இருக்கிறது. தலைப்பில் 'காதல்' என்னும் சொல்லையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.