பொக்குக் காயும் காரணப் படமும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மணிலா பிடுங்கிக் காய் ஆயும் காலத்தில், பொக்குக் காய் மிகுந்திருக்குமாயின் களத்துமேட்டிலே பலவாறு பேச்சு எழுதல் இயல்பு. விதை கெட்டது என்பர் சிலர். மழை பொய்த்தது என்பர் சிலர். பூச்சியே காரணம் என்பாரும் உண்டு. பேச்சின் முடிவு யாதெனில், அடுத்த பட்டத்திற்கு அதிக விலை கொடுத்து வேறு விதை வாங்குவதே. குறை விதையில் இல்லையாயின் பணம் வீணாவதுடன், குறையும் நிலத்திலேயே நின்றுவிடும்.

இதனைத் தவிர்த்தற்கு எளிய முறை ஒன்றுண்டு. பெரிய தாளொன்றின் நடுவே குறையை எழுதி, அதினின்றும் மரக்கிளை போலக் கோடுகள் இழுத்து, கிளைதோறும் ஒரு காரணத்தையும், அதன் சிறு கிளைகளில் அக்காரணத்தின் காரணங்களையும் எழுதுவதே அது. இங்கிலாந்து தேசத்து டோனி பூசான் என்பவர் 1974-ஆம் ஆண்டில் தொலைக்காட்சி வாயிலாகப் பரப்பிய இம்முறை, மன வரைபடம் எனப்படும். இது பள்ளிக்கூடத்திற்கே உரியதென்று குடியானவர்கள் ஒதுக்குதல் தகாது.

பொக்குக் காயையே எடுத்துக்கொள்க. விதை, மண், நீர், பூச்சி நோய், செய்நேர்த்தி என ஐந்து கிளைகள் அமையும். மண்ணென்னும் கிளையில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு வரும். நீரென்னும் கிளையில் விழுது இறங்கிக் காய் பிடிக்கும் பருவத்து வறட்சி வரும். செய்நேர்த்தியில், 40 முதல் 45-ஆம் நாளுக்குள் ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணையாமை வரும். மூன்றும் வெவ்வேறெனத் தோன்றினும் உண்மையில் ஒன்றே. மணிலாக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதியைத் தன்னைச் சூழ்ந்த ஈரமண்ணிலிருந்து நேரே உறிஞ்சிக்கொள்வது. அங்கே சத்தில்லையாயினும், சத்திருந்து ஈரமில்லையாயினும் பருப்பு நிரம்பாது. திண்டிவனத்திலிருந்து 1940-ஆம் ஆண்டில் வெளிவந்து புகழ்பெற்ற டி.எம்.வி. 2 போன்ற நல்ல இரகமும் அந்நிலத்தில் பொக்கையே தரும். தனித்தனியே பேசுவோர்க்குப் புலப்படாத இவ்வொற்றுமை தாளில் எளிதிற் புலப்படும்.

அனுபவம் மிக்கவர்க்குத் தாளும் மையும் எதற்கு என்று வினவுவாருளர். அனுபவம் ஒருவரிடத்தே முழுதும் தங்குவதன்று. பொக்கின் அளவைக் காய் ஆயும் பெண்டிர் அறிவர். நீர் கடைமடைக்கு எட்டாத நாளைப் பாய்ச்சுவோன் அறிவான். எந்தப் புலம் எவ்வகை மண் என்பதை ஊர் முதியோர் அறிவர். இவர்களையும் கூட்டி வைத்து எழுதாத படம் அரைப்படமே.

எழுதியதெல்லாம் உண்மையாகிவிடுமோ எனின், ஆகாது. கண்ணாற் கண்டதற்கு ஒரு குறியும், ஊகத்திற்கு வேறு குறியும் இடுதல் வேண்டும். ஊகத்தை மண் பரிசோதனையாலும், ஜிப்சம் இடாது ஒரு பாத்தியை விட்டு ஒப்புநோக்குவதாலும் சோதித்தறிக. முன்னர்க் கர்ணத்திடம் இருந்து, 1980-இல் அப்பதவி நீங்கியபின் கிராம நிர்வாக அலுவலர் வசமுள்ள கிராமப் படத்தில் பொக்கு மிகுந்த சர்வே எண்களைக் குறித்துப் பார்த்தலும் பெரிதும் உதவும். விதை வெவ்வேறாயிருந்தும் அடுத்தடுத்த புலங்களில் ஒரே குறை காணப்படின், பழியை விதைமீது சுமத்துதல் நியாயமன்று.

சில கிளைகள் தனியொருவர் கைக்கு அடங்காதவை. சிவப்புக் கம்பளிப் புழு புலம் விட்டுப் புலம் ஊர்ந்து செல்வதாகலின், மழைக்குப்பின் அந்துப்பூச்சி வெளிப்படும் இரவுகளில் ஊரார் ஒருங்கே விளக்குப்பொறி வைத்தாலன்றிப் பயனில்லை. அத்தகைய கிளையின் முனையில் இன்னார், இன்ன நாளுக்குள் என்று எழுதுவித்தல் கிராம அதிகாரிகள் செய்யத்தக்க பேருதவியாகும்.

அடுத்த பட்டத்து விதைக்குப் பணம் எண்ணுமுன், ஒரு தாளும் ஒரு மாலைப்பொழுதும் செலவிடுதல் நஷ்டமாகாது.