உழுபவரைத் தவிர்க்கும் உழவர் நிதி

ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக நேரடியாக வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டத்தில், ஒவ்வொரு தவணையின்போதும் எத்தனை கோடி விவசாயிகள் பயனடைந்தனர் என்று ஒன்றிய அரசு அறிவிக்கிறது. அந்தக் கணக்கில் இடம்பெறாதவர்கள் யார் என்பதே நம் கேள்வி.

இத்திட்டத்தின்படி, நில ஆவணத்தில் பெயர் உள்ளவரே விவசாயி. குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுவோரும் கூலிக்கு நாற்று நடுவோரும் விவசாயிகள் அல்லர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சாகுபடியாளர்கள் 11.88 கோடிப் பேர். விவசாயத் தொழிலாளர்களோ 14.43 கோடிப் பேர். மக்கள்தொகையில் 16.6 சதவீதமாக உள்ள பட்டியல் சாதியினர், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடி நிலப்பரப்பில் 9 சதவீதத்தைக்கூடக் கையாளவில்லை. வயலில் உழைக்கும் தலித்துகளில் மிகப் பெரும்பான்மையோர் பிறர் நிலத்தில் உழைப்பவர்களே. எனவே ‘நில உடைமை’ என்னும் தகுதி, சாதியின் பெயரைச் சொல்லாமலேயே சாதிவாரியாக வடிகட்டுகிறது.

விதிகளில் ஓர் உட்பிரிவு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. தகுதிக்கான வரையறை நாள் 2019 பிப்ரவரி 1. அதன் பிறகு நிலம் கைமாறினால், வாரிசுரிமையாக வந்ததற்கு மட்டுமே விலக்கு உண்டு. பல்லாண்டு கூலிப் பணத்தைச் சேர்த்து அந்நாளுக்குப் பின் அரை ஏக்கர் வாங்கிய தொழிலாளி விவசாயி ஆகமாட்டார். தந்தையின் நிலத்தை அடைந்த மகன் ஆவார். உழைத்துப் பெற்றதைவிடப் பிறப்பால் பெற்றதை உயர்த்தும் இந்த அளவுகோல் நமக்குப் புதிதன்று.

இத்தனைக்கும், குத்தகையாளர், வாரதாரர், விவசாயத் தொழிலாளர் ஆகியோரையும் ‘விவசாயி’ என்னும் சொல்லுக்குள் அடக்கியது 2007ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கை. கொள்கை ஏட்டில் விவசாயியாக இருப்பவர், பணம் வழங்கும் பட்டியலில் காணாமற்போகிறார்.

நிலமற்றோரைச் சரிபார்ப்பது கடினம், முறைகேடு நடக்கும் என்பது வழக்கமான பதில். நில ஆவண நிபந்தனை இருந்தும், 2020இல் தமிழ்நாட்டில் தகுதியற்ற 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது அம்பலமானது. முறைகேட்டைத் தடுப்பது நிர்வாகத்தின் கடமை. அதற்கான விலையை நிலமற்றவர் ஏன் கொடுக்க வேண்டும்?

மாற்று வழிகளும் முயலப்பட்டுள்ளன. ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்ற வேளாண் குடும்பங்களுக்கு ஆடு, கோழி வளர்ப்பு போன்றவற்றுக்காக 12,500 ரூபாய் அறிவித்தது. ஆந்திரத்தின் ரைத்து பரோசா, பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குத்தகையாளர்களுக்கும் 13,500 ரூபாய் வழங்க முன்வந்தது. ஆனால் அங்கே சாகுபடியாளர் அட்டை பெற நில உரிமையாளரின் கையொப்பம் தேவைப்பட்டது. குத்தகையாளர் உரிமை கோரிவிடுவாரோ என்று அஞ்சும் உரிமையாளர் எளிதில் கையொப்பமிடுவதில்லை. வாய்மொழிக் குத்தகையில் இருப்போர் இங்கும் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே.

நலிந்த பிரிவினரின், குறிப்பாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின், பொருளாதார நலனைப் பேணுமாறு அரசமைப்பின் 46ஆம் உறுப்பு அரசைப் பணிக்கிறது. உறுப்பு 14 கோரும் சமத்துவம், சமமற்ற நில உடைமையை அப்படியே ஏற்றுக்கொண்டு அதன்மீது நிதியைப் பகிர்வதாக இருக்க முடியாது. குத்தகையாளர்களுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் உதவித்தொகையை விரிவுபடுத்துமாறு வேளாண்மைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே 2024 டிசம்பரில் பரிந்துரைத்திருக்கிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. உரிமையாளரின் ஒப்புதலை எதிர்பாராமல், கிராம சபையின் முன்னிலையில் கள ஆய்வு நடத்திச் சாகுபடியாளரைப் பதிவு செய்ய வேண்டும். நிலமற்ற தொழிலாளர் குடும்பங்களுக்கும் அதே தொகையை வழங்க வேண்டும். பயனாளிகளின் சாதிவாரிப் புள்ளிவிவரத்தை ஒவ்வொரு மாவட்டத்திலும் வெளியிட வேண்டும். மூன்றாவதை மாணவர்கள் இன்றே தொடங்கலாம்: உங்கள் மாவட்டக் கணக்கைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள்.

நிலத்தை நமக்கு மறுத்தது சாதி. நிலம் இல்லை என்பதையே காரணம் காட்டி நிதியையும் மறுப்பது அரசு. இரண்டாவது அநீதியையேனும் ஓர் அரசாணையால் திருத்த முடியும்.