ஒரு பொத்தான் போதும்

சென்ற மாதம் ஒரு நாள் பிற்பகலில், யமுனைக்குக் கிழக்கே மயூர் விஹாரில் வசிக்கும் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அன்பரும் அவர் மனைவியாரும் அலுவலகத்தில் இருந்தனர். பிள்ளை பள்ளியினின்று திரும்பவில்லை. மன்னார்குடியிலிருந்து வந்து மகனோடு தங்கியிருக்கும் 78 வயதுப் பெரியவர்தாம் கதவைத் திறந்து வரவேற்றார்.

கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி எரிந்துகொண்டிருந்தது. ஆனால் படம் இல்லை. நீலத் திரையின் நடுவே இரண்டு ஆங்கிலச் சொற்கள் மட்டும் நின்றன. அதற்கு எதிரே அவருடைய நாற்காலி. "படம் வரவில்லையா, ஐயா?" என்று வினவினோம். "இப்பொழுதெல்லாம் பார்க்கப் பிடிப்பதில்லை" என்று கூறிப் பேச்சை மாற்றிவிட்டார். காப்பி அருந்தி முடித்த பிறகே உண்மை வெளிவந்தது. நான்கு நாட்களாகவே படம் இல்லையாம். மகனிடம் சொல்ல மனம் வரவில்லை. முன்னொரு முறை சொன்னபோது, "எதையாவது அழுத்தியிருப்பீர்கள், அப்பா" என்று மகன் சிரித்தாராம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குக் கற்பித்த அம் மனிதர், அன்று முதல் ரிமோட்டைத் தொடவே அஞ்சியிருக்கிறார்.

பிழை அவருடையதன்று. ஞாயிற்றுக்கிழமை பேரன் தன் விளையாட்டுக் கருவியை இணைத்து ஆடிவிட்டு, தொலைக்காட்சியை அந்த இணைப்பிலேயே விட்டுவிட்டான். மீண்டும் எச்.டி.எம்.ஐ. 1-க்கு மாற்ற நமக்கு அரை நிமிடம் ஆயிற்று. அந்த அரை நிமிட வேலைக்காக நான்கு பகற்பொழுதுகள் வீணாயின. நம் ஊரில் இது பெரிய இழப்பன்று. திண்ணையில் அமர்ந்தால் தெருவே பேசும். இங்கோ அண்டை வீட்டார் பேசுவது ஹிந்தி. பூங்காவில் கேட்பதும் ஹிந்தி. பகல் முழுவதும் அவர் செவியில் விழும் தமிழ் அந்தப் பெட்டி பேசும் தமிழ் ஒன்றுதான்.

இந்தியாவில் தொலைக்காட்சி முதன்முதல் தொடங்கியது இத் தில்லி மாநகரில்தான், 1959 செப்டம்பர் 15-ஆம் நாள். சென்னையை அது எட்டியது 1975 ஆகஸ்டில். நம் பெற்றோர் பழகிய பெட்டியில் ஒரு குமிழைத் திருகினால் படம் வந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' காணத் தெருவே ஒரு வீட்டில் கூடிய நாட்களில், எவரும் எவருக்கும் பாடம் நடத்தவில்லை. 2012 அக்டோபர் இறுதியோடு தில்லியிலும் மும்பையிலும் கேபிள் இணைப்புகளுக்குச் செட்டாப் பாக்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. பெட்டி இரண்டாயிற்று, ரிமோட்டும் இரண்டாயிற்று. எதை முதலில் அழுத்துவது என்ற குழப்பம் அங்கே தொடங்கிற்று.

ஆகவே ரிமோட்டை மறுபடியும் ஒன்றாக்குவதே நாம் முதலில் செய்யத்தக்கது. செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகள் பலவற்றிற்குத் தொலைக்காட்சியின் கட்டளைகளைக் கற்பிக்க இயலும். இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பழக்கினால், தொலைக்காட்சியை இயக்குவதையும் ஒலியைக் கூட்டிக் குறைப்பதையும் அந்த ஒரே ரிமோட் ஏற்றுக்கொள்ளும். முறை, பெட்டியோடு வந்த தாளில் இருக்கும். (அத் தாளைப் பத்திரப்படுத்தியவர்களை நாம் இதுவரை கண்டதில்லை, இணைப்புக் கொடுக்கும் இளைஞரைக் கேட்டால் செய்துகொடுப்பார்.) பிறகு தொலைக்காட்சியின் சொந்த ரிமோட் அலமாரிக்குப் போகட்டும்.

புதுவகைத் தொலைக்காட்சிகள் இயங்கியவுடன் சதுரம் சதுரமாகப் படங்களைப் பரப்பி, எது வேண்டும் என்று கேட்கின்றன. அதற்குப் பதிலாக நேரே செட்டாப் பாக்ஸ் இணைப்பில் திறக்குமாறு அமைக்கும் வசதி பலவற்றில் உண்டு. எழுத்துகளைத் தமிழில் காட்டும் வசதி உள்ள பெட்டிகளில் அதையும் செய்துவிடலாம். பார்க்கும் ஆறேழு சானல்களை விருப்பப் பட்டியலில் சேர்த்துவிட்டால், நூற்றுக்கணக்கானவற்றினூடே தேடி அலைய வேண்டியதில்லை. அன்றாடம் வேண்டிய பொத்தான்கள் மீது சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு வையுங்கள். வாங்கிய நாள் முதல் ரிமோட்டைப் போர்த்தியிருக்கும் நெகிழி உறையையும் கழற்றி எறியுங்கள். அது மங்கி, எண்களை மறைப்பதைத் தவிர வேறு உபகாரம் செய்வதாகத் தெரியவில்லை.

பேசினால் கேட்கும் ரிமோட்டுகளும் உள்ளன. ஒரு பாட்டியார், "குச்சியோடு நான் ஏன் பேச வேண்டும்?" என்று நம்மிடம் கேட்டார். பதில் சொல்ல இயலவில்லை.

ஒலியைப் பற்றி இல்லந்தோறும் பூசல். முதுமையில் செவி முதலில் இழப்பது மேல் சுருதி ஒலிகளை. ச, த போன்ற மெய்கள் தெளிவிழக்கின்றன. பேச்சு கேட்கிறது, சொல் புரிவதில்லை. ஒலியைக் கூட்டினால் பின்னணி இசையும் உடன் கூடி, அடுத்த அறையில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை முகம் சுளிக்கிறான். ஒலி அமைப்புகளில் பேச்சைத் தெளிவாக்கும் ஒன்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது கம்பியில்லா ஒலிபெருக்கி ஒன்றை நாற்காலிக்கு அருகில் வைக்கலாம்.

முன்பணம் தீர்ந்து இணைப்பு நிற்பதும் பெரியவர்களைக் கலங்க வைக்கிறது. திரையில் ஆங்கில அறிவிப்பு வந்தால், தாம் எதையோ கெடுத்துவிட்டதாகவே அவர்கள் எண்ணுகிறார்கள். பணம் தானே செலுத்தப்படும்படி ஏற்பாடு செய்வது நம் கடமை.

மயூர் விஹார் அன்பருக்கு இவற்றையெல்லாம் தொலைபேசியில் விரிவாகக் கூறினோம். சற்று நேரம் மௌனமாயிருந்து, "அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றல்லவா நினைத்தேன்" என்றார். விளையாடி முடித்ததும் பழைய இணைப்புக்கு மாற்றும் பொறுப்பு பேரனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பத்து நாள் கழித்துப் பெரியவரை அழைத்து நலம் விசாரித்தோம். இரண்டு வார்த்தை பேசுவதற்குள், "செய்தி தொடங்கிவிட்டது, பிறகு பேசுவோம்" என்று வைத்துவிட்டார்.