காதலர் தினமும் தேவமோகினியும்

பிப்ரவரி 14 நெருங்கினாலே, மனிதக் காதல் மாயை, தேவ அன்பே மெய் என்னும் பிரசங்கம் சில ஆலயங்களில் தொடங்கிவிடுகிறது. இரண்டையும் பகையாக நிறுத்துவது தஞ்சைக் கிறித்தவ மரபுக்கு அயலானது என்பேன்.

வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) 'பெத்லகேம் குறவஞ்சி'யில் தேவமோகினி என்னும் தலைவி கிறிஸ்துவின் மேல் காதல் கொண்டு உருகுகிறாள். சாஸ்திரியாரும் இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸ் ஐயரின் ஆதரவில் வளர்ந்தவர்கள். அந்தச் சரபோஜியின் மேல் காதலுறும் தலைவியைச் சிவக்கொழுந்து தேசிகர் 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி'யில் பாடினார். அது பெரிய கோயிலில் ஆடப்பட்டது. அரசனுக்கான ஏக்கத்திற்கும் ஆண்டவருக்கான ஏக்கத்திற்கும் இவ்வூர் ஒரே இலக்கிய வடிவத்தைத் தந்தது. (சாதி குறித்த சாஸ்திரியாரின் நிலைப்பாடு எனக்கு உடன்பாடன்று; அது தனிக் கட்டுரைக்குரியது.)

மனிதக் காதலின் தவிப்பை அறியாத நெஞ்சுக்குத் தேவமோகினியின் தவிப்பு வெறும் சொல்லடுக்கே. சாஸ்திரியாரின் கீர்த்தனையை உருகிப் பாடிவிட்டு, காதலித்த பிள்ளைகளைக் குற்றவாளிகளாக நிறுத்தும் சபையினர் அக்குறவஞ்சியை ஒருமுறையேனும் படிக்கட்டும்.