செவிக்கருவி இரண்டு

இசை கேட்பதற்குக் காதிற் பொருத்தும் இயர்போன்களுள் இரண்டை நாம் ஒப்பிட்டு நோக்கினோம். ஒன்று 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த எடிமாடிக் ஈஆர்-4. மற்றொன்று 2012-இல் வந்த ஆப்பிள் இயர்பாட்ஸ்.

சௌகரியத்தில் பின்னதே சிறந்தது. செவிவாயிலில் இலேசாக அமரும், அணிந்திருப்பதே மறந்துபோம். முன்னதோ மூன்றடுக்குச் சிலிகோன் முனையுடன் செவித்துளையினுள் ஆழப் புகுந்து இறுக அடைத்துக்கொள்ளும். முதன்முறை அணிவோர் முகஞ் சுளியாதிரார். முறுக்கு மெல்லினாலோ, தலைக்குள் இடி முழக்கமே! விலையும் பன்மடங்கு. ஆயினும் வீணையின் ஒவ்வொரு மீட்டும் அதிற் தனித்துத் தெளிவுறும்.

சுகத்தினும் பெரிதொன்றுண்டு. இயர்பாட்ஸ் செவியை அடையாமையால், ரயிலின் இரைச்சல் உட்புகுந்து மிருதங்கத்தின் தொப்பியொலியை விழுங்கிவிடும். அதனை மீட்க நம் மாணவர் ஒலியை ஏற்றுகின்றனர். வாரத்திற்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை. இரைச்சலோடு போட்டியிடும் ஒலி அதனை எளிதிற் கடக்கும். இழந்த செவிப்புலனோ மீள்வதில்லை. ஈஆர்-4 வெளியொலியை 35 டெசிபெல்லளவு தடுக்குமென அதனைச் செய்தோர் கூறுவர். ஆதலின் தாழ்ந்த ஒலியே போதும்.

ஆகவே ரயிலில் ஈஆர்-4ஐயும், அமைதியான விடுதியறையில் இயர்பாட்ஸையுமே நாம் விரும்புவோம். வீதியில் நடப்போர் மட்டும் ஈஆர்-4ஐ அணியற்க. பின்வரும் வண்டியின் ஊதல் கேளாது.